கேரளப் பொதுப் பள்ளிகளின் புனருத்தாரணம்: ஒரு மதிப்பீடு



பள்ளிக் கல்வியைப் பற்றி ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் இம்மேடையில் பேசவேண்டும் என்று விதித்த இவ்வறக்கட்டளையின் நிறுவனர், பேசுகிறவர் பாராட்டுரையையும் கண்டன உரையையும் தவிர்த்து, எடுத்துக்கொண்ட விஷயத்தை அதன் ஆதாரங்களோடு ஆராய்ந்து சொல்லவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார். பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இந்த நிபந்தனையை, அரசாங்கக் காரியங்களைப் பற்றிப் பேசும்போது கைக்கொள்வது எத்தனை கடினம் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். நம் நாட்டில் அரசுத் திட்டம் எதற்கும் பெரும்பாலும் இரண்டே வித மதிப்புரைகள் கிடைக்கின்றன: ஒன்று, செய்தித் துறையார் வழவழப்பான தாளில் அச்சிடும் சாதனை மலர், மற்றொன்று, எதிர்க்கட்சியார் சட்டசபையிலிருந்து வெளிநடப்புச் செய்யுமுன் வாசிக்கும் அறிக்கை. முன்னதில் குறை இராது. பின்னதில் நிறை இராது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பேச விரும்பியே, அண்டை மாநிலமான கேரளம் 2016-ஆம் ஆண்டு முதல் நடத்திய ‘பொது வித்யாப்யாச சம்ரக்ஷண யக்ஞம்’ என்னும் இயக்கத்தை இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டேன். நம் சொந்த வீட்டுக் காரியமாக இல்லாததால் கட்சி அபிமானம் குறுக்கே வராது என்பது இதில் ஒரு சௌகரியம். எழுத்தறிவில் முந்தி நிற்பதாகப் பெயர் பெற்ற மாநிலத்திலேயே பொதுப் பள்ளியைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தேவைப்பட்டது என்பது அதைவிட முக்கியமான காரணம்.

அங்குள்ள பள்ளி அமைப்பைச் சிறிது விளக்காமல் மேலே செல்ல இயலாது. 1957-இல் கல்வி மந்திரியாயிருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா பெருங்கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவர். அக்கிளர்ச்சியெல்லாம் ஓய்ந்த பின் நிலைபெற்ற ஏற்பாடு, உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பு, ஆசிரியர் நியமனம் நிர்வாகியின் உரிமை என்பது. எண்ணிக்கையில் இத்தகைய பள்ளிகள் அரசுப் பள்ளிகளை விட மிகுதியாதலால், கேரளத்தில் ‘பொதுப் பள்ளி’ என்று சொன்னால் இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம். வளைகுடா நாட்டுப் பணம் ஊர்தோறும் வந்து சேர்ந்த காலத்தில், மத்தியதர வர்க்கத்துப் பெற்றோர் ஆங்கிலவழிச் சுயநிதிப் பள்ளிகளை நாடலாயினர். அதே காலத்தில் பிறப்பு விகிதமும் இறங்கிற்று. இவ்விரண்டும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆரம்பப் பள்ளிகளை ‘ஆதாயமற்ற பள்ளிகள்’ என்னும் அரசாங்கப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்தன. பிள்ளைகள் இருந்தும் ஒரு பள்ளிக்கு ஆதாயமில்லை என்று பெயர் சூட்டிய மூளை எந்தக் கச்சேரியில் உட்கார்ந்திருந்ததோ, நான் அறியேன்.

அந்தப் பட்டியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கோழிக்கோட்டு மலாப்பறம்பு பள்ளியின் கதை காட்டிற்று. உதவி பெறும் பள்ளியை, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிர்வாகி மூடிவிடலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நகரத்து மனையின் விலை ஏறிக்கொண்டும் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டும் போகும்போது அப்பிரிவின் பிரயோஜனம் எத்தகையது என்பதை விவரிக்கவேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், ஓர் இரவில், அப்பள்ளிக் கட்டடம் இடித்துத் தள்ளப்பட்டது. ஊராரும் பழைய மாணவரும் ஆசிரியரும் பொதுமக்களிடம் பொருள் திரட்டி, ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குள் கட்டடத்தை மறுபடியும் எழுப்பிவிட்டனர். இரண்டு ஆண்டு கழித்து, 2016 ஜூனில், மூடும்படி நீதிமன்ற ஆணை வந்து பள்ளி பூட்டப்பட்டபோது, பிள்ளைகள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருந்து பாடம் படித்தார்கள். புதிதாகப் பதவியேற்றிருந்த அமைச்சரவை, அதனையும் அதே கதியை எதிர்நோக்கியிருந்த வேறு சில பள்ளிகளையும் அரசே ஏற்றுக்கொள்ளும் என்று முடிவு செய்தது. பிற்பாடு வந்த இயக்கத்தின் பிறப்பிடம் தலைமைச் செயலகம் அன்று, இடித்த சுவரை மறுபடி எழுப்பிய அந்த ஊரே என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாண்டு நவம்பரில் நவகேரளத் திட்டத்தின் நான்கு இயக்கங்களில் ஒன்றாக இது அறிவிக்கப்பட்டது. இரசாயனப் பேராசிரியராயிருந்து கல்வி மந்திரியான சி. ரவீந்திரநாத் இதனை நடத்தினார். 2017 ஜனவரி 27-ஆம் நாள் மாநிலமெங்கும் பெற்றோரும் ஊராரும் தத்தம் பள்ளியைச் சுற்றிக் கைகோத்து நின்று, இப்பள்ளியைக் காப்போம் என்று உறுதி எடுத்துக்கொண்டனர். பணத்துக்கு வழி, அடிப்படைக் கட்டமைப்பு முதலீட்டு நிதியம் கடன் திரட்டித் தந்தது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி ரூபாய். ஆயிரம் மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு 3 கோடி. ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றுக்கு 1 கோடி. இவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாக, ஒரு தனியார் அறநிறுவனத்தின் உதவியாலும் அத்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் பிரதீப் குமாரின் முயற்சியாலும் 2013-இல் புதுப்பிக்கப்பட்ட கோழிக்கோட்டு நடக்காவு பெண்கள் பள்ளி இருந்தது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை மடிக்கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி இவற்றோடு நவீன வகுப்பறைகளாக்கும் திட்டம் 493.50 கோடி ரூபாயில் தனியே நடந்தது.

இவற்றில் மனமாரப் பாராட்டத் தக்க அம்சங்களை முதலில் சொல்லிவிடுவது முறை. கருவிகளைக் கொடுத்த அரசு நிறுவனம், வகுப்பறையைத் தயார் செய்யும் பொறுப்பைப் பள்ளியிடமே விட்டது: தரை, சுண்ணாம்பு, மின் இணைப்பு, பூட்டு ஆகிய இவை ஆயத்தமான பின்பே கணினி வரும். இந்த ஒரு நிபந்தனை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும், பஞ்சாயத்தையும், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவரையும் ஒரே மேஜைக்கு இழுத்து வந்தது. ஆரம்பப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் தொண்ணூறுகளிலேயே ஒப்படைக்கப்பட்டிருந்ததால், கேட்பதற்கு ஓர் ஆளும் கொடுப்பதற்கு ஒரு நிதியும் உள்ளூரிலேயே இருந்தன. கருவிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் பெற்றதும், விலை கொடுக்கவேண்டாத கட்டற்ற மென்பொருளையே பள்ளிகள்தோறும் வைத்ததும் விவேகமான செய்கைகள். பாலக்காட்டுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியை ஒருவர், ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளில் வரைந்த முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக, மூன்று கோணங்களும் மாறி மாறி வந்தும் கூட்டுத்தொகை மட்டும் 180-ஐ விட்டு அசையாததைக் கண்டு, பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், இன்னும் இழுங்க, உடையுதான்னு பாக்கலாம்” என்றான். நிரூபணம் என்பது எதற்காக வேண்டியிருக்கிறது என்பதை அவன் அந்தக் கணத்தில் தன் போக்கிலேயே தொட்டுவிட்டான். அடுத்த அறையில் அதே கருவியைக் கொண்டு பாடப் புத்தகத்தின் பக்கம் ஒன்று சுவரில் பெரிதாகக் காட்டப்பட்டிருந்தது; ஆசிரியர் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். வாங்கிய கருவிகளின் பட்டியலில் இந்த இரண்டு அறைகளும் ஒன்றே.

நம் மாநிலத்தில் 1958 முதல், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராயிருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை அறிந்தோருக்கு இதெல்லாம் புதிதாய்த் தோன்றாது. அங்கும் ஊரார் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கொணர்ந்து குவித்தார்கள்; அங்கும் கொடுத்தவற்றின் ரூபாய் மதிப்பு காரியத்தின் வெற்றிக்கு அளவாகப் பேசப்பட்டது. கேரளத்து இயக்கத்தார் அதற்கு ஒரு படி மேலே சென்று, வந்த பொருளோடு வந்த பிள்ளைகளையும் எண்ணினார்கள். இனி அந்த எண்ணிக்கையைப் பரிசீலிப்போம். இவ்வியக்கத்தின் கீர்த்தியெல்லாம் அதன் மேலேயே நிற்கிறது.

2017-18-ஆம் கல்வியாண்டில் பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ 1.45 லட்சம் பிள்ளைகள் கூடுதலாகச் சேர்ந்ததாகவும், ஐந்து ஆண்டுகளில் அத்தொகை 6.8 லட்சத்தை எட்டியதாகவும் அரசு அறிவித்தது. இது பொய்க் கணக்கன்று; ஆனால் எதைக் குறிக்கும் கணக்கு என்பதை நிதானித்துப் பார்க்கவேண்டும். சென்ற ஆண்டு நான்காம் வகுப்பில் நூறு பேர் இருந்து, இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் நூற்றிருபது பேர் இருந்தால், இருபது பேர் புதியவர் என்று கொள்கிறார்கள். இவ்வாறு வகுப்புதோறும் வந்த மிகுதியைக் கூட்டினால் கிடைப்பதே மேற்சொன்ன தொகை. பத்தாம் வகுப்பை முடித்துப் பெருங்கூட்டமாக வெளியேறுபவர்களுக்கும் முதல் வகுப்பில் சிறு கூட்டமாக நுழைபவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதில் இடம் பெறாது. ஆகவே புதியவர்கள் லட்சக்கணக்கில் வந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டில், பள்ளிகளின் மொத்த மாணவர் தொகை அவ்வளவாக உயராமலும் இருக்கலாம். மேலும், மிகுதியாகப் பிள்ளைகள் சேர்ந்த வகுப்புகள் ஐந்தும் எட்டும். சிறிய சுயநிதிப் பள்ளிகள் பல நான்கோடும் ஏழோடும் நின்றுவிடுவன. அங்கிருந்து வெளியேறும் பிள்ளை எங்கேயாவது சேர்ந்துதான் ஆகவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வளைகுடாவில் வேலை இழந்து திரும்பியவர்கள் தம் பிள்ளைகளைக் கட்டணமில்லாத பள்ளிக்கு மாற்றியதையும் இயக்கத்தின் வரவில் முழுவதும் வைப்பது நியாயமாகாது.

இப்படிச் சொல்வதால் இயக்கத்துக்குப் பங்கே இல்லை என்று நான் கருதுவதாக யாரும் கொள்ளவேண்டாம். ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளை வேறொரு சுயநிதிப் பள்ளிக்குப் போயிருக்கலாம். முந்திய பத்தாண்டுகளில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. சரிவு நின்றது என்பதும், அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதில் நடுத்தரக் குடும்பத்தாருக்கு இருந்த லஜ்ஜை நீங்கிற்று என்பதும் மெய். எனினும் முதல் வகுப்பே ஒரு பள்ளியின் மேல் பெற்றோர் வைத்த நம்பிக்கைக்குச் சரியான சாட்சி. ஏனெனில் அங்குதான் அவர்கள் நிர்ப்பந்தமின்றித் தேர்ந்தெடுக்கிறார்கள். பெருந்தொற்றுக் கழிந்தபின் பொதுப் பள்ளிகளின் முதல் வகுப்புச் சேர்க்கை மீண்டும் குறையலாயிற்று. அதற்குப் பெரும் காரணம் பிறப்புக் குறைவே என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்: 2011-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் குழந்தைகள் பிறந்த மாநிலத்தில், 2021-இல் பிறந்தவர்கள் 4.2 லட்சம் பேரே. எந்த அரசாங்கமும் இதற்குப் பரிகாரம் காண முடியாது. ஆனால், பிள்ளைத் தொகை ஏறியபோது அதைத் தன் சாதனையாகக் கொண்டாடிய அரசு, இறங்கும்போது மட்டும் பிறப்புப் பதிவேட்டைக் கையில் எடுப்பது கேட்பவர் செவிக்கு இனிமையாயிராது.

அடுத்து, பணம் சென்ற வழி. ஆயிரம் பேர், ஐந்நூறு பேர் என்று எல்லை வகுத்தது கணக்கருக்கு எளிது. ஆனால் நாற்பது பிள்ளைகளோடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மலைநாட்டு ஆரம்பப் பள்ளிக்கே மீட்சி வேண்டியிருந்தது. ஏற்கெனவே நிரம்பியிருந்த பள்ளிக்குப் பெருந்தொகை போயிற்று. அரசு நிதி எட்டாத இடத்தை ஊரார் நிரப்பவேண்டும் என்றால், வசதியுள்ள ஊர் நிரப்பும், வசதியற்ற ஊர் வாய்மூடி இருக்கும். 2019 நவம்பரில் வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில், அரசுப் பள்ளி ஒன்றின் வகுப்பறைத் தரையில் இருந்த பொந்திலிருந்து பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். புரொஜெக்டர் மாட்டிய அறைகளின் தொகை அறிவிப்புதோறும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கருவி வந்த அறையைத் தயார் செய்யச் சட்டதிட்டம் இருந்தது. கருவி வராத கீழ்வகுப்பு அறையின் பொந்தை அடைக்க ஆள் இருந்ததில்லை.

இந்த எல்லைக் கோட்டில், ஆராய்கிறவனுக்குக் கிடைத்தற்கரிய வசதி ஒன்றும் ஒளிந்திருந்தது. 490 மாணவர் கொண்ட பள்ளிக்கும் 510 மாணவர் கொண்ட பள்ளிக்கும் இயல்பில் பெரிய வேற்றுமை இருக்க முடியாது. ஆனால் ஒன்றுக்குக் கோடி ரூபாய் கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. இரு வகைப் பள்ளிகளிலும் ஐந்தாண்டு கழித்துப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், கட்டடமும் கருவியும் கல்விக்கு எவ்வளவு துணை செய்கின்றன என்ற கேள்விக்கு இந்தியா முழுவதற்கும் பயன்படும் விடை கிடைத்திருக்கும். அதற்கான ஏற்பாடு தொடக்கத்திலேயே திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்திருக்கவேண்டும். 493 கோடியில் கருவி வாங்கியவர்களுக்கு, பிள்ளைகளின் வாசிப்பை ஆண்டுதோறும் ஒரே முறையில் அளந்து குறித்துவைப்பது பெரிய செலவாகியிருக்காது.

சிலர் மத்திய அரசின் நிதி ஆயோக் 2019-இல் வெளியிட்ட பள்ளிக் கல்வித் தர அட்டவணையில் கேரளம் முதலிடம் பெற்றதை இயக்கத்தின் வெற்றிக்குப் பிரமாணமாகக் காட்டுகிறார்கள். அவ்வட்டவணை 2016-17-ஆம் ஆண்டின் விவரங்களால் ஆனது. அப்போது இயக்கம் வாய்மொழியைத் தாண்டி அதிக தூரம் வந்திருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலும் கேரளமே முதலிடம். பழைய சொத்தின் வட்டியைப் புதிய வியாபாரத்தின் லாபமாகக் காட்டுவது போன்றது இது.

பரீட்சை முடிவுகளோ நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை. 2024-இல் பத்தாம் வகுப்பில் தேறியவர் நூற்றுக்கு 99.69. எல்லோரும் தேறும் பரீட்சை எவரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. அதற்கு முந்திய டிசம்பரில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் உயர்ந்த மதிப்பெண் போகிறது என்று பொதுக் கல்வி இயக்குநரே ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியது வெளியே வந்து பெரும் சர்ச்சையாயிற்று. அது அரசின் கருத்தன்று என்று மந்திரி மறுத்தார். ஆனால் ஓராண்டுக்குள், ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் பெறவேண்டும் என்ற விதியை எட்டாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டுவர அரசே முடிவு செய்தது. மறுத்த வாயும் விதித்த கையும் ஒரே அரசினுடையவை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. இயக்கம் தொடங்கிய நாள் முதல் வந்த முடிவுகளில் மிகவும் நேர்மையானது இது.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது கண்டதை இங்கே சொல்லவேண்டும். சுவரெல்லாம் சித்திரம், புதிய மேஜை, புதிய மின்விசிறி. ஒரு சிறுவன் எழுந்து பாடத்தை இடறாமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தான். நாங்கள் சந்தோஷித்தோம். ஆசிரியை மட்டும் அவன் அருகில் சென்று குனிந்து, “குரல் கிணத்தடிக்கு வந்திருச்சு, விரல் இன்னும் வாசல்லயே நிக்குதே, கண்ணு” என்றார். உண்மையே, அவன் வாய் சொல்லிய வரிக்கு இரண்டு வரி மேலே அவன் விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடம். அந்த அம்மையாருக்குத் தம் வகுப்பின் இருபத்து மூன்று பிள்ளைகளில் யார் யாருடைய விரல் பின்தங்குகிறது என்பது பெயர் பெயராகத் தெரிந்திருந்தது. தம்முடைய நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்திருந்தார். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். சுவர்ச் சித்திரத்தைப் படம் பிடித்து அனுப்பும்படி மூன்று முறை கேட்டிருந்தார்களாம்.

ஆதலால் என் முடிவு இது. பொதுப் பள்ளி செத்துவிடும் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில் அதன் கௌரவத்தை மீட்டுக் கொடுத்ததில் இவ்வியக்கம் வெற்றி பெற்றது. அது சாமானியமான காரியமன்று, நாம் கற்றுக்கொள்ளவேண்டியதும் ஆகும். அப்பள்ளிக்குள் வந்த பிள்ளைகள் முன்னைவிட நன்றாகக் கற்றார்கள் என்பதற்கு இயக்கம் தன்னளவில் எந்தச் சான்றையும் தேடி வைக்கவில்லை. சான்று இல்லாத இடத்தில் வெற்றி என்றோ தோல்வி என்றோ தீர்ப்பளிக்க எனக்கு அதிகாரமில்லை. ‘வித்யாகிரணம்’ என்று பெயர் மாறித் தொடர்ந்த இத்திட்டத்தைப் பார்த்து, நம் மாநிலத்திலோ வேறெங்கோ இத்தகைய இயக்கம் தொடங்க நினைப்பவர்கள், முதல் ஆண்டிலேயே மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேரளத்தில் அந்தச் சான்று இப்போதுதான் சிறிது சிறிதாகக் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. 2017 ஜூனில், இயக்கத்தின் முதல் ஆண்டில், முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளே 2024-25-இல் எட்டாம் வகுப்பில் இருந்து 30 சதவீத விதிக்கு முதன்முதலாக உட்பட்டவர்கள். நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பின் பாதியையும் அவர்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து படித்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குறைந்தது ஒரு பாடத்திலாவது அந்த முப்பதைத் தொடவில்லை என்று அரசே கணக்கு வெளியிட்டு, கோடை விடுமுறையில் அவர்களுக்குத் தனி வகுப்பும் மறுபரீட்சையும் நடத்திற்று. அறிவிக்கப்பட்ட திட்டப்படி, அதே பிள்ளைகள் அதே விதியின் கீழ்ப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவது 2026-27-ஆம் கல்வியாண்டில்.